படபடப்பு வரும்போது ஈசிஜி இல்லை, ஈசிஜி எடுக்கும்போது படபடப்பு இல்லை

ஆரியங்காவு டீக்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கிற ஆரியங்காவில் ரோட்டோரமாக டீக்கடை வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் விடியுமுன் ரப்பர் வெட்டப் போய்விடுவார். அவர் திரும்பும்வரை கடை என் பொறுப்பு. நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், கட்டிக்கொடுத்தது இங்கே.

மூன்று வருஷமாக ஒரு வில்லங்கம். மாவுப் பானையைத் தூக்கக் குனிவேன், நிமிரும்போது நெஞ்சில் ஒரு தட்டு. அவ்வளவுதான், சுவிட்ச் போட்ட மாதிரி இதயம் ஓட ஆரம்பித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதெல்லாம் கிடையாது. கோயில் படி ஏறினால் வருகிற படபடப்பு எனக்குத் தெரியும், இது அது இல்லை. கழுத்து துடிப்பது எதிரே நிற்கிற ஆளுக்கே தெரியும். ஒருநாள் பால்காரர், “என்ன மயினி, தொண்டைக்குள்ள தவளையா இருக்கு?” என்று கேட்டுவிட்டார். டீ ஆற்ற முடியாது, கை நடுங்கும். பத்து நிமிஷம் இருக்கும், சில நாள் முக்கால் மணி நேரமும் இருக்கும். அப்புறம் வந்த மாதிரியே சட்டென்று நின்றுபோகும். நின்ற பிறகு ஒரு மணி நேரத்துக்கு மூத்திரம் மூத்திரமாகப் போகும். சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் சொன்னால்தானே தெரியும்.

மூன்று ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. முதல் தடவை செங்கோட்டைப் பக்கம் ஆட்டோவில் போனோம். புளியரை எஸ் வளைவு இறங்கும்போதே நின்றுவிட்டது. அங்கே ஈசிஜி எடுத்தார்கள், எல்லாம் நார்மல், கேஸ் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டாவது தடவை மலையாளக்கரைப் பக்கம் போனேன். அங்கேயும் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிட்டது. எனக்கு மலையாளம் கடை அளவுக்குத் தெரியும்: சாயா, கடி, பாக்கி, சில்லறை. டாக்டர் அவசரத்தில் இருந்தார். “வேதனை உண்டோ?” என்றார். அவர்கள் பாஷையில் வேதனை என்றால் வலி என்பது சாதாரணமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். பயத்தில் அந்த நேரம் புத்தி நம்ம ஊருக்கே போய்விட்டது. “வேதனை இல்லாம இருக்குமா சார், மாமியார் படுக்கையில, கடன், மூத்தவளுக்குப் படிப்பு” என்று அழுதேவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். வெளியே வந்து நர்ஸிடம் கேட்டால் சீட்டில் டென்ஷன் என்று போட்டிருக்கிறாராம். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நான்தானே அத்தனையும் கொட்டினேன். அந்த மாத்திரை போட்டால் நல்ல தூக்கம் வருகிறது. படபடப்பு அது பாட்டுக்கு வருகிறது.

மூன்றாவது இடத்தில் ஹோல்டர் என்று, விடாமல் ஈசிஜி பதிகிற ஒரு பெட்டியை 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே மாவுப் பானையைப் பத்துத் தடவை தூக்கினேன். ம்ஹூம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் பையை எடுக்கக் குனிந்தேன், வந்துவிட்டது. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

இப்போது வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. “டென்ஷன் ஆகாதே” என்று சொல்லிச் சொல்லியே டென்ஷன் ஆக்குகிறார்கள். நாத்தனார் மட்டும், திருவனந்தபுரத்தில் தொடை வழியாகக் கம்பி விட்டு இதயத்தில் கரண்ட் வைத்துச் சுடுவார்கள், சரியாகிவிடும் என்கிறாள். கேட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

இது இதயமா, மனசா? எங்கே போய்க் காட்டலாம்? சுடுவது நிஜமா? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கடையநல்லூர் பாய் எழுதியது:

எனக்கும் இப்படித்தான் இருந்தது, கேஸ்தான். சீரகத் தண்ணீர் குடிங்க, ராத்திரி பரோட்டாவை நிறுத்துங்க. எனக்கு நின்றுவிட்டது.

தென்காசி ஈசிஜி எழுதியது:

அக்கா, நான் பதினொரு வருஷமாக ஈசிஜி எடுக்கிறவன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் எழுதினதில் நாலு விஷயம் எனக்குப் பட்டது. சுவிட்ச் மாதிரி ஆரம்பிக்கிறது, சுவிட்ச் மாதிரி நிற்கிறது. குனிந்து நிமிர்ந்தால் வருகிறது. கழுத்தில் துடிக்கிறது. அப்புறம் மூத்திரம். கேஸுக்கு இந்த நாலும் சேர்ந்து வராது. மனப்பதற்றத்தில் இதயத் துடிப்பு ஏறும், ஆனால் ஏறி இறங்கும், ஒரே தட்டில் தொடங்கி ஒரே தட்டில் நிற்பது அபூர்வம். பால்காரர் சொன்ன தவளை விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர்களும் அதற்குத் தவளை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். மேல் அறையும் கீழ் அறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் ரத்தம் கழுத்து நரம்புக்கு எகிறுகிறது. மேல் அறை விரிந்து அழுத்தம் கூடும்போது உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றச் சொல்லி இதயமே ஒரு ஹார்மோனை விடும், மூத்திரம் அதனால்.

இந்த மாதிரி ஓட்டத்தை எஸ்விடி என்று சொல்வார்கள். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குக் கரண்ட் இறங்க ஒரு வழிதான் இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு வழி. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறி, செக்கு மாடு மாதிரி கரண்ட் சுற்ற ஆரம்பித்தால் நிமிஷத்துக்கு 150, 200 என்று ஓடும். சுற்று அறுந்தால் அந்த நொடியே நார்மல். அறுந்த பிறகு ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. செக்கு நின்ற பிறகு வந்து பார்த்தால் மாடு எந்தப் பக்கம் சுற்றியது என்று யாருக்குத் தெரியும்? பெண்களுக்கு இதில் ஒரு வகை அதிகமாக வரும், டென்ஷன் என்று திருப்பி அனுப்பப்படுவதும் அவர்கள்தான் அதிகம். நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரே ஒரு காகிதம்: படபடப்பு ஓடும்போது எடுத்த ஈசிஜி. பெரிய டாக்டரைத் தேடுவது அதற்கு அப்புறம். வந்தால் தூரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டாம். பக்கத்தில் எங்கே ஈசிஜி மெஷின் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள், சின்ன கிளினிக் ஆனாலும் சரி. உள்ளே நுழைந்ததும் ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்காதீர்கள். “இப்ப ஓடிக்கிட்டிருக்கு, நின்னா போச்சு, முதல்ல ஈசிஜி எடுங்க” என்று சத்தம் போடுங்கள். ஓடும்போதே நிற்பதும் பதிவானால் இன்னும் நல்லது, எந்த வழியில் சுற்றியது என்பதற்கு அதில் துப்பு இருக்கும்.

கொரோனா நேரத்தில் விரலில் மாட்டுகிற கிளிப் வாங்கினீர்களா? பரணில் கிடக்கும், எடுத்து பேட்டரி போட்டுக் கடையில் வையுங்கள். வந்ததும் மாட்டி, அதில் ஓடும் துடிப்பு நம்பரை மகளை விட்டு போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஈசிஜிக்கு ஈடாகாது, ஆனாலும் 180 என்று ஓடுகிற வீடியோவைப் பார்த்த பிறகு யாரும் கேஸ் என்று சொல்லமாட்டார்கள்.

அந்தக் காகிதம் கிடைத்தால் நீங்களே கணக்குப் போடலாம். கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கூரான முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதால் வகுங்கள். நாலு கட்டம் என்றால் 75. ஒன்றரைக் கட்டம் என்றால் 200. இன்னொன்று, அது சூட்டில் அச்சாகிற காகிதம், நாளாக நாளாக வெளுத்துவிடும். வாங்கின அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், போட்டோவும் எடுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். நல்லது என்று நினைத்து ஒருவர் செய்து கொண்டுவந்தார், காகிதம் முழுக்கக் கறுப்பு.

பழைய நார்மல் ஈசிஜிகளையும் தூக்கிப் போடாதீர்கள். சிலருக்குப் படபடப்பு இல்லாத நேரத்திலேயே கோடு சரிவாக ஏறுவது தெரியும். 1930ல் மூன்று டாக்டர்கள் கண்டு எழுதியதால் அவர்கள் பெயரிலேயே வுல்ஃப் பார்க்கின்சன் வொயிட் என்று இருக்கிறது. அப்படி இருந்தால் சில மாத்திரைகள் ஆகாது, அதனால் இன்னொருவர் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடவே போடாதீர்கள்.

வீட்டில் நிறுத்தப் பார்க்க ஒரு வழி உண்டு. 10 மில்லி சிரிஞ்சின் வாயில் ஊதி, உள்ளே இருக்கிற தண்டு அசைகிற அளவுக்கு 15 செகண்ட் முக்க வேண்டும். உடனே தட்டையாகப் படுக்க வேண்டும், இன்னொருவர் இரண்டு காலையும் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் 15 செகண்ட். 2015ல் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். உட்கார்ந்தபடியே முக்கினவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நின்றது, இப்படிக் காலைத் தூக்கினபோது 43 பேருக்கு. முதலில் டாக்டரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் ஈசிஜி கிடைக்கிறவரை ஊதாமல் இருப்பதே மேல் என்பேன்!

மயக்கம் போட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ இந்தக் கதை எதுவும் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி. குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டும் ரத்த அளவும் பார்த்தாயிற்றா?

பாறசாலை மயினி எழுதியது:

சுடுவது நிஜம்தான் அம்மா. எனக்குச் சுட்டார்கள். இப்போது சீனிச் சாக்கைக்கூடத் தூக்குகிறேன்.

எனக்குப் பதினாறு வயதிலிருந்து இருந்தது. பேய் என்று மந்திரித்தார்கள், பிள்ளை பெற்றால் போகும் என்றார்கள். இரண்டு பெற்றேன், போகவில்லை. கடைசியில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரியில் காட்டினோம், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிறதே அதுதான். என்னிடம் ஓடும்போது எடுத்த ஈசிஜி ஒன்று இருந்தது. தம்பி சொன்னது சத்தியம், அந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பயம் போக உள்ளதைச் சொல்கிறேன். நெஞ்சைக் கிழிக்கமாட்டார்கள். தொடை இடுக்கில் மரக்க ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியாக நூடுல்ஸ் மாதிரி வயர்களை இதயம்வரை விடுவார்கள். எனக்கு நினைவு இருந்தது, லேசான அரைத் தூக்கம். முதலில் சுடமாட்டார்கள். வயர் வழியாகத் தட்டித் தட்டி, நமக்கு வருகிற அந்தப் படபடப்பை அவர்களே வரவழைப்பார்கள். அதற்காகத்தான் சில நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள் (அவர்கள் சொன்ன பிறகு மட்டும் நிறுத்துங்கள்). எனக்கு வந்ததும் டாக்டர் மலையாளத்தில் கேட்டார், “இதானோ அம்மே?” இதுதான் என்றேன். கண்ணில் தண்ணீர் ஊற்றிவிட்டது. வலி இல்லை. இருபத்தைந்து வருஷமாக நான் மட்டும் பார்த்ததை அந்த அறையில் ஏழெட்டுப் பேர் டிவியில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சுடும்போது நெஞ்சில் கொஞ்சம் காந்தல். வெல்டிங் மாதிரி எல்லாம் இல்லை, வயர் நுனி சூடாகிற அளவுதான். அப்புறம் மறுபடியும் தட்டிப் பார்த்தார்கள், வரவில்லை. எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம்போல. அதற்குப் பிறகுதான் பெரும்பாடு: காலை மடக்காமல் ஆறு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும். சாப்பாடும் படுத்தபடியே. தும்மல் வந்தால் தொடையைக் கையால் அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் வீடு.

கையெழுத்து வாங்கும்போது ஒன்று சொன்னார்கள், அதையும் மறைக்கமாட்டேன். எனக்கு இருந்த வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் தீர்ந்துவிடும். நூற்றில் ஒருவருக்கு, அதற்கும் குறைவாகக்கூட, நல்ல வழியும் சேர்ந்து சூடுபட்டு பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். அதைக் கேட்டுவிட்டு என் அண்ணன் கூட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தான். நான்தான் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

போகுமுன் ஓபி பதிவு எப்படி என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். நினைத்த நாளில் போய் நின்றால் அலைச்சல்தான். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே பையில் போடுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே செல்லுமா என்பதையும் முன்னாலேயே கேளுங்கள்.

செங்கோட்டை பென்ஷனர் எழுதியது:

மகளே, எனக்கும் அதே ஆஸ்பத்திரிதான். 1997ல் அவர்கள் உண்டாக்கின சித்ரா வால்வையே எனக்கு வைத்தார்கள். முதல் ஆளுக்கு வைத்தது 1990ல். ராத்திரி அமைதியில் டிக் டிக் என்று கேட்கும். பேரன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் சட்டைப் பையில் கடிகாரத்தைத் தேடுவான். எங்கள் அப்பா காலத்தில் செங்கோட்டையே திருவிதாங்கூர், 1956ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போவது எங்களுக்கு வெளியூர் போகிற மாதிரியே இருக்காது.

என்னுடையது உங்களுடையதிலிருந்து வேறு. எனக்குத் தாளமே கிடையாது, ஒரு அடி நெருங்கி வரும், ஒரு அடி தள்ளி வரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். சின்ன வயதில் தொண்டைப்புண், மூட்டு வீக்கம் என்று வந்த காய்ச்சல் வால்வைக் கெடுத்து, வால்வு இதைக் கெடுத்தது. மேல் அறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கினால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய்விடும், பக்கவாதம். அதற்காக ரத்தம் உறையாத மாத்திரை, மாதாமாதம் ஐஎன்ஆர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற சோதனை. எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையை விடவில்லை, வாரம் இவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிடுகிறேன். புதுசாக வந்திருக்கிற மாத்திரைக்கு ஐஎன்ஆர் வேண்டாமே, மாற்றலாமா என்று மருமகன் கேட்டான். என்னைப் போல உலோக வால்வு வைத்தவர்களுக்கு அது ஆகாது என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இங்கே எழுதுகிறவர்கள் என் மாத்திரையையும் உங்கள் மாத்திரையையும் கலக்கிவிடக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

படபடப்பு வந்தால் கழுத்து நரம்பை அமுக்கினால் நிற்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், செய்து பாருங்கள்.

தென்காசி ஈசிஜி எழுதியது:

அண்ணாச்சி, மற்றதெல்லாம் சரி, கழுத்தை அமுக்குவது மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, ஒரு பக்கம் மட்டும் செய்வார். கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் வீட்டில் அமுக்குவது மூளைக்கு ஆபத்து.

ஆரியங்காவு டீக்கடை எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கிடைத்துவிட்டது!

சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தென்காசி போயிருந்தோம். மண்டபத்தில் சாம்பார் வாளியை நகர்த்தக் குனிந்தேன், தட்டு. எனக்கு அன்றைக்குப் பயமே வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது என்றால் நம்புவீர்களா? வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். “தண்ணி வேண்டாம், ஆட்டோ” என்றேன். நாலாவது நிமிஷம் ஒரு ஆஸ்பத்திரி வாசல். தம்பி சொன்ன மாதிரியே சத்தம் போட்டேன், பட்டுச்சேலையோடு ஒருத்தி கத்துகிறாள் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஈசிஜி எடுத்த பெண் மெஷினைப் பார்த்துவிட்டு, “அக்கா அசையாதீங்க, அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் டாக்டரைக் கூப்பிட்டது.

டாக்டர் முழங்கை மடிப்பில் ஊசிக் குழாய் போட்டு, “இந்த மருந்து போனதும் பத்து செகண்ட் உயிர் போற மாதிரி இருக்கும், போகாது” என்றார். அடினோசினாம், 6 மில்லிகிராம். நெஞ்சை யாரோ பிடித்து அமுக்கின மாதிரி இருந்தது, முகமெல்லாம் சூடு, நிற்கவில்லை. டாக்டர் யோசித்துவிட்டு, “டீ குடிச்சீங்களா?” என்றார். நான் சொன்னேன், “டீக்கடையே நம்மளுதுதான் சார், விடிஞ்சதிலேர்ந்து அஞ்சு.” அவருக்குச் சிரிப்பு. டீ, காப்பி உள்ளே இருந்தால் இந்த மருந்து சரியாகப் பிடிக்காதாம். அடுத்து 12 போட்டார். இந்தத் தடவை உள்ளே எல்லாமே ஒரு நொடி நின்றது. நிஜமாகவே நின்றது, மெஷினில் நேர்கோடு ஓடியதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு “ஐயோ” என்றார். அப்புறம் டக், டக், டக் என்று கல்யாண மேளம் முடிந்து வீட்டுக்குப் போகிறவன் நடக்கிற மாதிரி நிதானமாக அடித்தது.

காகிதத்தை நானே கையில் வாங்கிக் கட்டம் எண்ணினேன். ஒன்றரைக்குக் கொஞ்சம் கூட. டாக்டர் 187 என்றார். அதில் நிற்கிற இடமும் பதிவாகியிருக்கிறது தம்பி. மூன்று ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. மகள் லேமினேஷன் கடைக்குக் கிளம்பினாள், கையைத் தட்டிவிட்டேன். தைராய்டு சரியாக இருக்கிறது, ரத்தம்தான் 9.8, அதற்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரிடம் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று ஒரு ஆசை. சண்டைக்கு இல்லை, சும்மா.

இப்போதைக்குக் காலையில் ஒரு மாத்திரை, அதன் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்தது. சிரிஞ்சை ஊதி, மகள் காலைத் தூக்கிப் பிடித்தாள், நின்றுவிட்டது. பால்காரர் அந்த நேரம் பார்த்து வந்து என்னமோ ஏதோ என்று கேனைப் போட்டுவிட்டு ஓடினார். திருவனந்தபுரத்துக்கு ஆவணியில் தேதி கிடைத்திருக்கிறது.

பாறசாலை மயினி, ஒரு சந்தேகம். காலை மடக்காமல் கிடந்த அந்த ஆறு மணி நேரம் உங்களுக்குச் சாப்பாடு யார் ஊட்டினார்கள்? என் கூட வரப்போவது இவர் ஒருத்தர்தான். இவருக்கு இட்லியைப் பிய்க்கவே தெரியாது, முழுசாக வாயில் வைத்துவிடுவார்.